சாரல் கொள்கை

எங்கள் மதினி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "வளரும் நாடு" என்றுதான் கூப்பிடுவாள். "வளரும் நாடு, மாடியில துணி கெடக்கு, மழை வருது, எடுத்துட்டு வாங்க." அப்போது நான் காலேஜ் முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக ஊரில் சொல்லிக்கொண்டு, மத்தியானமானால் பொது அறிவுப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். எந்த வருஷம் பார்த்தாலும் வளர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாளும் வளர்ந்து முடிக்காது, அதனால் அந்தப் பெயர் என்று அவளே விளக்கமும் சொன்னாள். மதினியின் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஊட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

செங்கோட்டையிலிருந்து எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு மேலகரத்துக்கு வந்தவள். சீர்வரிசையோடு பாதி முடிந்த ஓர் ஆராய்ச்சிப் படிப்பும் கூடவே வந்து இறங்கியது. உலக நாடுகள் எப்படி வளர்ந்தன, அதில் சிலது மட்டும் எப்படி வல்லரசாயின, மற்றதெல்லாம் ஏன் வாய் பார்த்துக்கொண்டு நின்றன என்று இதுவரை சொல்லப்பட்ட கொள்கைகளை எல்லாம் அலசுவதுதான் தலைப்பு. பீரோவுக்கும் கட்டிலுக்கும் மிக்ஸிக்கும் அம்மா இடம் ஒதுக்கினாள். ஆராய்ச்சியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரம் போட்ட பழைய சாமான் அறையை ஒழித்து ஒரு மேஜை போட்டுக் கொடுத்தோம்.

மதினியிடம் இருந்த ஒரே கோளாறு இதுதான்: படித்ததைப் படிப்போடு விட மாட்டாள். மாடியில் ஒரு கொள்கையை வாசித்துவிட்டு இறங்கினால் அடுக்களைக்கு வருவதற்குள் அதை எங்கள் குடும்பத்துக்குப் பொருத்திவிடுவாள். அம்மா 'பழைய சாம்ராஜ்யம்'. ஆட்சி கைமாறிவிட்டது, சாவிக்கொத்து மட்டும் இன்னும் இடுப்பில். அப்பா 'அணிசேரா நாடு'. அடுக்களையில் குரல் உயர்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசிப் பெரிய கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். தீபாராதனை முடிந்து, சண்டையும் முடிந்திருக்கும் என்று தோன்றினால்தான் திரும்புவார். பட்டாளத்தில் இருந்த அண்ணனுக்கு 'ராணுவச் செலவு' என்று பெயர். "இந்த வீட்டுக் கவலையில முக்கால்வாசி ஒங்களுக்குத்தான் போவுது, ஆளு மட்டும் கண்ணுல படமாட்டீய" என்று அண்ணனிடமே போனில் சொல்லிச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்புத்தான். எங்கோ பனியில் நின்றுகொண்டு இவளிடம் பட்டம் வாங்குவதில் அவனுக்கு ஒரு பெருமை.

இன்னொரு சொல்லும் அவளோடு வந்தது. செங்கோட்டைக்காரர்கள் பேச்சில் மலையாளம் லேசாக எட்டிப் பார்க்கும். 'போதும்' என்று நாங்கள் சொல்கிற இடத்தில் மதினி 'மதி' என்பாள். சோறு மதி, குழம்பு மதி. நான் தேர்வில் ஏன் தோற்றேன் என்று நீளமாகக் காரணம் சொல்லத் தொடங்கினால், "மதி, மதி, புரிஞ்சுட்டு." அந்தச் சொல் வந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எங்கள் வீட்டின் புவியியலையும் சொல்லிவிடுகிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம். அருவிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எங்கள் மாடியில் காயும் துணி தெரியும். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் அறை கிடைக்காது. கிடைத்தால் வாடகை கேட்டு மயக்கம் வரும். மேலகரத்தில் தங்களுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பது உலகத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வரும். மற்ற மாதங்களில் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தபாலில் அனுப்புகிறவர்கள் ஆனி ஆடியில் பாசம் பொங்கி நேரில் வந்துவிடுவார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும்.

"எல்லா ஆதிக்கமும் இப்படித்தான் தொடங்கியிருக்கு" என்றாள் மதினி, வாழைப்பழத்தை வாங்கி வைத்தபடி. "முதல்ல ஏவாரம்னு வருவாவ. பெறவு குடோன் போட ஒரு எடம் கேப்பாவ. பெறவு நாம அவியகிட்ட கேட்டுட்டுத்தான் பாத்ரூம் போகணும்."

இந்தப் படையெடுப்புக்குத் தலைமை எப்போதும் சென்னை அத்தைதான். அப்பாவுடன் பிறந்த அக்காள். எனக்கு அத்தை, மதினிக்குப் பெரியம்மா முறை. அத்தை, மாமா, மகன், மருமகள், பேரன் பேத்தி என்று வேனில் வந்து இறங்குவார்கள். அம்மா வாசலுக்கு வந்து, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்பாள். வருஷாவருஷம் அதே வாக்கியம். அவர்களும் அப்படியே நினைத்துக்கொள்வார்கள். மூன்று வாரம்.

நாடுகள் முன்னேறுவதற்குக் காரணம் குளிர் என்று ஒரு பழைய கொள்கை உண்டாம். குளிர் நாட்டுக்காரன் உழைப்பான், வெயில் நாட்டுக்காரன் சுருண்டு படுப்பான் என்று. சாரல் விழுந்து ஊரே ஜில்லென்று கிடந்த ஒரு காலையில் மதினி காபித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே போர்வைக்குள் வரிசையாக ஆட்கள். "நல்ல குளிரு. யாரு உழைக்கா, யாரு தூங்குதான்னு நீங்களே பாத்துக்கோங்க. இதைச் சொன்னவன் எவனும் மேலகரத்துக்கு வந்ததில்ல" என்றாள் என்னிடம். இன்னொரு கொள்கைப்படி நாடுகள் விமானம் மாதிரியாம். கொஞ்ச காலம் தரையில் ஓடும், பிறகு ஒரு கட்டத்தில் வேகம் பிடித்து மேலே கிளம்பிவிடும். "அப்ப நாம எப்ப மதினி கிளம்புவோம்?" என்று கேட்டேன். மாமாவின் காலைத் தாண்டி, பேரனின் தலையைத் தாண்டி, தட்டு சாயாமல் அடுத்த அடி எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓடுபாதையில ஆளு படுத்துக் கெடந்தா எந்த விமானம்லே கிளம்பும்" என்றாள். அவள் என்னை 'லே' போட்டது அந்த ஒரு தடவைதான்.

எலுமிச்சங்காய் விவகாரம் தனி. அப்பாவின் சிநேகிதர் ஒருவருக்குப் புளியங்குடியில் தோப்பு. சீசனில் ஒரு சாக்கு காய் எங்கள் வீட்டுக்கு வரும். அத்தை ஊருக்குக் கிளம்பும்போது அதை அப்படியே வேனில் ஏற்றிக்கொள்வாள். அடுத்த வருஷம் வரும்போது அந்தக் காயில் போட்ட ஊறுகாயை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து, "மெட்ராஸ்ல எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, உங்களுக்குன்னு ஒளிச்சு வச்சுக் கொண்டாந்தேன்" என்று அம்மா கையில் கொடுப்பாள். அம்மா நெகிழ்ந்துபோவாள். மதினி அந்தப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நம்ம காயி. உப்பும் இங்கனருந்துதான் போச்சு, நான்தான் கட்டிக் குடுத்தேன். வெள்ளைக்காரன் பஞ்சை எடுத்துட்டுப் போயி துணியா நெய்து நம்மகிட்டயே வித்தான்லா, அவனாவது காசுதான் வாங்கினான். இவிய நன்றியும்லா வாங்குதாவ." மூன்றாவது அத்தியாயத்தை அன்றைக்குத்தான் எழுத ஆரம்பித்ததாகப் பிற்பாடு சொன்னாள். அதில் எலுமிச்சங்காய் எங்கேயும் கிடையாது, நான் தேடிப் பார்த்தேன்.

மாமா நல்ல மனுஷர். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான், ஒழுக்கம். சாப்பிட்டு முடித்து எச்சில் கையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்து உலகத்தை அளப்பார். "ஜப்பான்காரனைப் பாரும்மா. குண்டு போட்டுத் தரைமட்டம் ஆக்கினான். எழுந்து நின்னுட்டான்ல. எப்படி? டிசிப்ளின். நாமளும் வல்லரசு ஆயிருவோம், ஆனா டிசிப்ளின் வேணும்."

"ஜப்பான்காரன் சாப்பிட்ட தட்டை யாரு பெரியப்பா எடுப்பா?" என்று மதினி கேட்டாள்.

மாமா யோசித்தார். "தெரியலையேம்மா. அவனே எடுப்பானா இருக்கும்."

"அதான் எந்திரிச்சு நின்னிருக்கான்" என்றபடி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாமா அன்று முழுவதும் அதை ரசித்துச் சிரித்தார். மறுநாளும் தட்டு அங்கேதான் இருந்தது.

இதையெல்லாம் கேட்டால் அவள் சதா சிரித்துக்கொண்டிருந்தவள் போலத் தோன்றும். அப்படியில்லை. மேலே இருப்பவன் செழித்தால் அது தன்னால் கீழே இருப்பவனுக்கும் சொட்டும் என்று ஒரு கொள்கை இருக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கும் திருநெல்வேலியில் இருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நெடுநாள் பேச்சு நடந்தது. அவர் 'கசிவுக் கொள்கை' என்றார். இவளுக்கு ஒப்பவில்லை. ஒரு சாயங்காலம் அருவிக் கும்பல் திரும்பி வந்தது. வாசலில் நின்று தலையைச் சிலுப்பி, துண்டைப் பிழிந்து உதறினார்கள். சூடாக என்ன இருக்கிறது என்று கேட்டபடி உள்ளே வந்தார்கள். வாசல்படியில் தோசைக் கரண்டியோடு நின்ற மதினியின் முகத்தில் நாலைந்து துளி தெறித்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அருவி அவியளுக்கு, சாரல் நமக்கு" என்றாள். அன்றைக்கே பேராசிரியருக்குப் போன் போட்டு, 'சாரல் கொள்கை' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மதினி சீசனில் ஒருதடவைகூட அருவியில் குளித்ததில்லை. காலையில் அவர்கள் குளிக்கப் போகிற நேரம் இட்லி அவிய வேண்டிய நேரம். சாயங்காலம் போகிற நேரம் அடை வார்க்க வேண்டிய நேரம். வேனுக்குள் இருந்துகொண்டு, "நீயும் வாயேம்மா" என்று அத்தை ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாள். வேன் கிளம்பிய பிறகுதான் கூப்பிடுவாள். எங்கிருந்தெல்லாமோ ஜனம் கூட்டம் கூட்டமாக வந்து நனைந்துவிட்டுப் போகிற தண்ணீர், நடக்கிற தூரத்தில் இருப்பவள் தலையில் விழவில்லை. எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷம் நெருக்கடி வேறு மாதிரி வந்தது. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தவர்கள் இத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கிறது. மதினி நீட்டிப்பு கேட்கக்கூடிய அளவுக்குக் கேட்டு முடித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசி அத்தியாயத்தில் கை வைக்கும்போது சாரல் விழும், வேன் வந்து நிற்கும். இந்த ஆகஸ்டு முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்று மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து, "காபி ஒரு வாய் கெடைக்குமா" என்று ஒரு குரல்.

"சிரிக்காம ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க" என்றாள். "இதை முடிச்சேன்னா நான் ஒரு ஆளு. முடிக்கலன்னா இந்த வீட்டுல நல்லா தோசை சுடுத மருமக. அம்புட்டுத்தான். உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாவ, உங்க அம்மாவும் சொல்லமாட்டாவ. யாருமே ஒண்ணும் சொல்லமாட்டாவங்கதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் எழுந்து போய்க் காபி போட்டேன். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்து, கீழே பெரிய ரகளை ஆனது.

மறுநாள் காலை. அருவிக்குக் கிளம்பும் முன் அத்தை வழக்கமாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு. தண்ணீரில் போய்விடும் என்று வளையல், செயின், செல்போன், சென்னை வீட்டுச் சாவி எல்லாவற்றையும் கழற்றி ஒரு சுருக்குப்பையில் போட்டு மதினியிடம் கொடுப்பாள். மதினி அதை பீரோவில் வைத்துப் பூட்டுவாள். அன்று பையை வாங்கியவள் பூட்டப் போகவில்லை. கையில் எடைபோடுவது போல வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வாயில் இட்லி.

"பெரியம்மா, ஒங்க வீடு இப்ப பூட்டித்தான கெடக்கு?"

"ஆமாம்மா. எல்லாரும்தான் இங்க இருக்கோமே."

"எனக்கு இதை எழுதி முடிக்க ஒரு அமைதியான எடம் வேணும். நீங்க இங்கன இருக்க வரைக்கும் நான் அங்கன போயி இருந்துக்கிடட்டா?"

எங்கள் வீட்டில், எங்கள் இலையில், மதினி அவித்த இட்லியை மென்றுகொண்டு 'முடியாது' என்று சொல்ல அத்தைக்கு நாக்கு வரவில்லை. இட்லியை விழுங்கினாள். பெரிய மனுஷிகள் இப்படி மாட்டிக்கொள்கிற நேரத்தில் வாய்க்குத் தானாக வருகிற வாக்கியத்தைச் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா. உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ."

அப்பா சட்டையைத் தேடினார்.

மதினி அன்று சாயங்காலமே சென்னை ரயிலில் ஏறிவிட்டாள். ஸ்டேஷனுக்குப் பை தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். ஜன்னல் வழியாகச் சாவியை ஆட்டிக் காட்டினாள். "இம்புட்டு வருஷமா இதை யாரும் பாக்கல பாத்தீயளா? ஒரு சாம்ராஜ்யம் ஊரூராப் போயி உக்காந்திருக்கும்போது அதோட சொந்த வீடு காலியாத்தான் கெடக்கும்."

அதற்குப் பிறகு மேலகரத்தில் நடந்ததை ஆட்சிப் பொறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முட்டுவலி. அத்தையின் மருமகளுக்கு அடுப்புப் புகை ஆகாது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புத்தான், ஆனாலும் ஆகாது. நான் போட்ட காபியை எல்லாரும் ஒருதடவை குடித்திருந்தார்கள். ஆக அத்தையே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் இறங்கினாள். சாம்பாரை மெட்ராஸில் எப்படி வைப்பார்கள் என்று இத்தனை வருஷம் வாய் வார்த்தையாகச் சொன்னதை இப்போது செய்து காட்ட வேண்டியதாயிற்று. மாமாவின் தட்டு அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அத்தை, "எந்திரிச்சு எடுத்துட்டுப் போங்க, ஜப்பான்காரன் எடுப்பான்லா" என்று கத்தினாள். ஊர்ப் பேச்சு அத்தைக்குத் திரும்பியிருந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

போதாக்குறைக்கு மேலே மலையில் நல்ல மழை. பெரிய அருவியில் வெள்ளம், பாதுகாப்புக்காகக் கட்டிய ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். ஒருநாள், இரண்டு நாள் என்று பார்த்தால் தடை நீண்டுகொண்டே போனது. குளிக்க வந்த கும்பலுக்குக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூன்று வேளையும் பசித்தது. அத்தைக்கு ஊருக்குப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறதே. போன் போட்டாள்.

"என்னம்மா, எழுதி முடிஞ்சுதா?"

ஸ்பீக்கரில் மதினியின் குரல் குளுகுளுவென்று வந்தது. ஏசி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. "ரொம்ப சௌரியமா இருக்கு பெரியம்மா. நீங்க ஏன் அவசரப்படுதீய? இன்னும் பத்து நாள் இருந்து நல்லாக் குளிச்சுட்டு வாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பழைய சாம்ராஜ்யம் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மதினி சென்னையில் எழுதி முடித்து, அங்கேயே அச்சடித்துக் கட்டி, நேரே திருநெல்வேலிக்குப் போய்க் கெடுவுக்குள் கொடுத்துவிட்டுத்தான் மேலகரம் வந்தாள். அத்தை சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அம்மாவிடம் புகார் படித்தாள். டிவியைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றியிருந்தாளாம். சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாளாம். ஒரு வருஷத்து ஊறுகாய் ஜாடியை வழித்து வைத்திருந்தாளாம். கேட்டபோது எனக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. விளையாட்டு இந்த அளவுக்குப் போக வேண்டுமா?

"அடுத்தவங்க வீட்டுல போயி இப்படியெல்லாம் செய்யலாமா மதினி? தப்பில்லையா?" என்று கேட்டேன்.

"தப்புத்தான்" என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நான் படிச்சது வல்லரசு எப்படி ஆகுதுன்னுதான். நல்லரசுக்கு வேற டிபார்ட்மெண்டுல பதிவு பண்ணணும்."

வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தோடு போனோம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம், கடைசியில் மிக்சரும் லட்டும் உண்டு. அண்ணன் லீவு போட்டு வந்திருந்தான். அத்தையும் வந்திருந்தாள், பட்டுச் சேலையில், முன்வரிசையில். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கேள்விகளை அடுக்கினார். மதினி நின்ற இடத்தில் அசையாமல் பதில் சொன்னாள். 'சாரல் கொள்கை' என்ற சொல்லை எங்கே பிடித்தீர்கள் என்று அவர் கேட்டபோது, "வாசல்படியில" என்றாள். அவர் அதை ஏதோ நூலின் பெயர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, பார்வையாளர்கள் யாராவது கேட்கலாம் என்றார்கள். அத்தை எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் அப்பா இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அத்தை. "இந்த வல்லரசெல்லாம் வெளியூருக்குப் போகும்போது சொந்த வீட்டுச் சாவியை யாருகிட்ட குடுத்துட்டுப் போகும்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அருமையான கேள்வி அம்மா. ஆழமான கேள்வி" என்றார். மாணவர்கள் திரும்பித் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள்.

மதினி அத்தையைப் பார்த்துக் கைகூப்பினாள். "தன்னை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் அது வெளியவே போகும். அதனால யாராவது கேட்டா, மறுக்கத் தெரியாம அவங்க கையில குடுத்துரும். எனக்கு அந்தச் சாவி கெடைக்கலன்னா இன்னைக்கு இங்க நின்னுருக்க மாட்டேன்."

கைதட்டல் எழுந்தது. அத்தையும் கைதட்டினாள். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத்தான் தட்டினாள், ஆனால் கடைசி வரை தட்டினாள். லட்டு கொடுக்கும்போது மதினியின் தலையில் கை வைத்து, "வீடு மாதிரின்னா மாதிரிதான்டி, வீடுன்னே நெனச்சுட்டியே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மதினிக்கும்தான்.

பிறகு ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அண்ணனும் பட்டாளத்தை விட்டு வந்து அங்கேயே போய்விட்டான். நான் அரசுத் தேர்வுகளைக் கைவிட்டுத் தென்காசியில் உரக்கடை வைத்து, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளோடு அதே மேலகரம் வீட்டில் இருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. அத்தைக்கும் வயதாகிவிட்டது, வேன் வருவதில்லை. வீடு சீசனிலும் அமைதியாக இருக்கிறது.

ஊட்டியில் சொந்தத்தில் ஒருவர் இருந்தால் மே மாசம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வருஷாவருஷம் பிள்ளைகள், மனைவி, அம்மா எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை எலுமிச்சங்காய். போன மே மாசம் போன் போட்டு, "வாரோம் மதினி, பள்ளிக்கூடம் திறக்கத வரைக்கும் இருப்போம்" என்றேன்.

"வாங்க. சாவி பக்கத்து வீட்டுல இருக்கும். ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க."

அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்த கவலையில் தோன்றவில்லை. வழியில் மாமியார் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா சாவி கொடுத்தாள். அடுக்களையில் எல்லாம் கழுவித் துடைத்து, யாரும் சமைக்காத சுத்தம். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். நான் மதினிக்குப் போன் போட்டேன்.

"எங்கன இருக்கீய மதினி? அரிசி எங்கன இருக்கு?"

"கீழ்த்தட்டுல சிவப்பு மூடி டப்பா. நான் மாடியில இருக்கேன்."

"எந்த மாடியில?"

போனை வெளியே நீட்டியிருப்பாள் போல. தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. அந்தத் தகரம் எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தகரம். அந்த வருஷம் சாரல் மே மாசக் கடைசியிலேயே இறங்கிவிட்டதை நான்தான் செய்தியில் கவனிக்கவில்லை.

"பழைய சாவி ஒண்ணு என்கிட்ட கெடந்துச்சுல்லா" என்றாள். "ஒங்க வீடு காலியாத்தான இருக்கும்னு வந்துட்டோம். அடுத்த புஸ்தகத்தை எழுத இங்கன மேஜை இருக்கு. உங்க அண்ணன் கீழ இட்லி அவிக்காவ. ராணுவச் செலவு இப்பத்தான் வீட்டுக்கு ஆகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம், "மதினி நம்ம வீட்டுல இருக்காவ" என்றேன். அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அருவிக்குப் போனீயளா மதினி?"

"நேத்துப் போனேன். இன்னைக்குக் காலம்பரயும் போயிட்டு வந்தேன். தலை இன்னும் காயல." அவள் குரலில் வழக்கமான நக்கல் இல்லை. "தலையில நேரா விழுது. நெனச்சதைவிட வலிக்குது. மூச்சு முட்டுது. பக்கத்துல யாரு நிக்கா, யாரு தள்ளுதான்னு ஒண்ணும் தெரியல. எப்படித்தான் இத்தனை வருஷம் இதைக் குளிச்சுட்டு வந்து சாதாரணமா காபி கேட்டாவளோ."

"மதியா மதினி?" என்று கேட்டேன்.

"மதியாகல" என்றாள். "நீங்க இன்னும் பத்து நாள் இருந்துட்டு வாங்க."